கொட்டாங்குளம் பள்ளிக்கூடம் கம்ப்யூட்டரைக் காப்பாற்றிய விதம்

கொட்டாங்குளம் நடுநிலைப் பள்ளியில் மூன்று ஆசிரியர்கள். மூன்று பேரும் நல்லவர்கள். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்லச் சந்தர்ப்பம் வராது. தலைமையாசிரியர் பொன்னம்பலவாணன், கணக்குக்குத் தெய்வசிகாமணி, மீதி எல்லாப் பாடத்துக்கும் செண்பகவடிவு டீச்சர். ஒருவர் யோசிக்க ஆரம்பித்தால் மற்ற இருவரும் கைவேலையைப் போட்டுவிட்டு உதவிக்கு வந்துவிடுவார்கள். வினையே அதில்தான்.

அந்தப் பள்ளிக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. கூடவே கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம். பாட இணையதளத்துக்குள் நுழைந்து முப்பத்தொரு பிள்ளைகளுக்கும் ஒரு பாடமாவது காட்ட வேண்டும், தேர்வு வைக்க வேண்டும், மதிப்பெண்களை வெள்ளிக்கிழமைக்குள் அதே இணையதளத்தில் பதிய வேண்டும். தவறினால் பள்ளியிலுள்ள மெஷின் ஒன்று கீழப்பாறைப் பள்ளிக்கு மாற்றப்படும்.

கீழப்பாறை என்றதுமே பிள்ளைகளுக்கு முகம் சுருங்கிவிட்டது. போன வருஷம் கபடிக் கோப்பையும் அங்கேதான் போயிருந்தது. மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி கம்ப்யூட்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்று அழுதாள். பொன்னம்பலவாணன் சாருக்கு மனசு தாங்கவில்லை. மெஷின் எங்கேயும் போகாது என்று காலை வணக்கக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் வாக்குக் கொடுத்துவிட்டார்.

திங்கட்கிழமை வேலையைத் தொடங்கினார்கள். இணையதளத்துக்குள் நுழைய ஒரு கடவுச்சொல்லை உருவாக்க வேண்டும், அதை யாருக்கும் தெரிவிக்கக் கூடாது என்று கடிதத்தில் சிவப்பு மையில் இருந்தது.

"யாருக்கும்னா கம்ப்யூட்டருக்கும் தானே சார்?" என்று கேட்டார் செண்பகவடிவு டீச்சர்.

"பின்னே? அது நேத்து வந்த ஆளு. எடுத்த எடுப்புல நம்பிரலாமா?" என்றார் தெய்வசிகாமணி.

"எனக்கே தெரியாம இருந்தா இன்னும் பாதுகாப்புல்லா," என்றார் தலைமையாசிரியர்.

ஆகவே திரையின் மேல் துண்டைப் போட்டு மூடி, கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டு, பத்து விரலாலும் ஏதோ தட்டினார். துண்டை எடுத்துப் பார்த்தால் கட்டத்துக்குள் வரிசையாக எட்டுப் புள்ளிகள்.

"பாத்தியளா, அதுக்கும் ஒண்ணும் புரியல்ல. வெறும் புள்ளியாப் போட்டு வச்சிருக்கு," என்று சந்தோஷப்பட்டார்.

செவ்வாய்க்கிழமை மறுபடி நுழைய வேண்டியிருந்தது. தெய்வசிகாமணி கணக்கு வாத்தியார் அல்லவா, முன்யோசனையாக எண்ணிக் குறித்து வைத்திருந்தார். எட்டுப் புள்ளியை ஒவ்வொன்றாகத் தட்டினார். தவறு என்று வந்தது. மறுபடி எண்ணித் தட்டினார். மறுபடியும் தவறு.

"நேத்து வந்த புள்ளி கொஞ்சம் குண்டா இருந்துச்சு சார்," என்றார் டீச்சர்.

"அழுத்தித் தட்டும்வே," என்றார் தலைமையாசிரியர்.

அழுத்தித் தட்டியதில் பொத்தான் உள்ளே போய்விட்டது. அதைக் கொண்டை ஊசியால் நெம்பி எடுப்பதற்குள் பள்ளி விட்டாயிற்று.

புதன்கிழமை டீச்சர் ஒரு வழி கண்டுபிடித்தார். கடவுச்சொல் இல்லாமலே மாதிரிப் பாடம் பார்க்க அதில் ஓர் இடம் இருந்தது. பிள்ளைகளையெல்லாம் உட்கார வைத்து அதை அமுக்கினார். கொட்டாங்குளத்தில் சிக்னல் எப்படி என்று ஊருக்கே தெரியும். திரையின் நடுவில் ஒரு சின்ன வட்டம் தோன்றிச் சுற்ற ஆரம்பித்தது. மத்தியானம் வரைக்கும் சுற்றியது.

பிள்ளைகள் அசையாமல் பார்த்தார்கள். குறிப்பும் எடுத்தார்கள். எனக்கு அந்தப் பிள்ளைகளை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது.

"அருமையான பாடம். வளவளன்னு பேச்சே கிடையாது," என்றார் தெய்வசிகாமணி.

வியாழக்கிழமை தேர்வு. 'வட்டம் எந்தப் பக்கமாகச் சுற்றியது? வேறு பக்கமாக ஏன் சுற்றவில்லை?' முப்பத்தொரு பேருக்கும் நூற்றுக்கு நூறு. கரண்ட் போனபோது வட்டம் நின்றதையும் கவனித்து எழுதிய ஒருவனுக்கு நூற்றைந்து. மதிப்பெண் பட்டியல் தாளில் அழகாகத் தயாராகிவிட்டது. இணையதளத்துக்குள் நுழையத்தான் வழி இல்லை.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அதிகாரி மெய்ஞ்ஞானம் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். பட்டியலைப் பார்த்தார். வட்டத்தைப் பற்றிய வினாத்தாளையும் பார்த்தார். தன் பெயரிலேயே இணையதளத்தைத் திறந்து, மெஷினை மாற்ற உத்தரவு போட உட்கார்ந்தார். பிள்ளைகள் ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றார்கள். பொன்னம்பலவாணன் சாருக்குக் கண் கலங்கிவிட்டது.

உத்தரவு போவதற்கு முன்னால் கம்ப்யூட்டர் ஒன்று கேட்டது. நீங்கள் ரோபோ அல்ல என்பதை நிரூபியுங்கள், சிக்னல் விளக்கு உள்ள படங்களைத் தேர்ந்தெடுங்கள் என்றது. அவர் மூன்று படத்தைத் தொட்டார். தவறு. கம்பத்தையும் சேர்த்துத் தொட்டார். தவறு. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தொட்டார். உங்களால் நிரூபிக்க முடியவில்லை என்று வந்தது.

தெய்வசிகாமணி அதிகாரியின் நாற்காலியிலிருந்து இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்.

"மூணு வாய்ப்பு குடுத்திருக்கு சார்," என்றார் மெதுவாக.

"அதான் நானும் பாக்கேன். மனுசன்னா ஒண்ணுலயாவது தேறியிருப்பாருல்லா," என்றார் தலைமையாசிரியர்.

"யோவ், நான் மனுஷன்யா," என்றார் மெய்ஞ்ஞானம்.

"பேசத்தான் செய்யும்," என்று டீச்சர் மற்றவர்களுக்கு விளக்கினார். "இப்பல்லாம் மெஷினு நல்லா பேசுது. எங்க மச்சான் வீட்டுல ஒண்ணு பாட்டே படிக்கும்."

"சம்சாரம், ரெண்டு பிள்ளை இருக்குய்யா எனக்கு."

"அதையும் உள்ள ஏத்தி விட்டிருக்கான் பாருங்க," என்று வியந்தார் தெய்வசிகாமணி.

பொன்னம்பலவாணன் சார் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தார். பள்ளியிலுள்ள மெஷின் ஒன்று மாற்றப்படும். அவர் முகம் மெல்ல மெல்ல வெளிச்சமானது.

"டீச்சர், இப்ப பள்ளிக்கூடத்துல எத்தனை மெஷின் இருக்கு?"

"ரெண்டு சார்."

"அவிய எத்தனை கேட்டிருக்காவ?"

"ஒண்ணுதான் சார்."

"எதுன்னு போட்டிருக்கா?"

போடவில்லை. மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு எல்லாம் முறைப்படி நடந்தது. இருப்புப் பதிவேட்டில், 'மெஷின், நின்ற வாக்கில், கண்ணாடியுடன், ஒன்று' என்று எழுதினார்கள். வழியில் உடையாமல் இருக்க வைக்கோல் சுற்றினார்கள். வாடகைக்கு ஒரு குட்டியானை வண்டி பிடித்து அதில் ஏற்றி, ஸ்கூட்டரையும் உதிரிப் பாகம் என்று சேர்த்து அனுப்பினார்கள். போகிற வழியெல்லாம் அது சத்தம் போட்டதாக டிரைவர் சொன்னார். ஆனாலும், 'நல்ல நிலையில் பெற்றுக்கொண்டோம்' என்று கீழப்பாறைத் தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்ட ரசீது மத்தியானமே வந்து சேர்ந்தது. பிள்ளைகள் கம்ப்யூட்டரைச் சுற்றி நின்று கும்மியடித்தார்கள்.

செவ்வாய்க்கிழமை கீழப்பாறையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பொன்னம்பலவாணன் சார் சத்தமாகவே படித்தார்.

'தாங்கள் அனுப்பிய மெஷின் கிடைத்தது. நன்றி. இரண்டு நாள் திட்டிக்கொண்டே இருந்தது. கரண்ட் கொடுக்கலாம் என்று ஒயரோடு போனால் ஓடுகிறது. பிறகுதான் விஷயம் பிடிபட்டது. வேளாவேளைக்கு ஒரு டம்ளர் சூடான காபி ஊற்றினால் போதும், அமைதியாக வேலை செய்கிறது. ஏழாம் வகுப்புக்குப் பின்னம் நடத்துகிறது. உங்களிடம் இருப்பதற்கு யாராவது காபி கொடுக்கிறீர்களா?'

மூன்று பேரும் திரும்பிக் கம்ப்யூட்டரைப் பார்த்தார்கள். வட்டம் சோர்வாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"வந்து ஒரு வாரமாச்சே சார். பச்சத் தண்ணி குடுக்கலையே நாம," என்றார் செண்பகவடிவு டீச்சர்.

"பாவம், வாயத் திறந்து ஒரு வார்த்தை கேக்கல்ல பாருங்க," என்றார் தெய்வசிகாமணி.

பொன்னம்பலவாணன் சார் டீக்கடைக்குத் தானே போனார். திரும்பி வரும்போது கையில் பெரிய தூக்குவாளி நிறையக் காபி இருந்தது. ஒரு வார பாக்கியையும் சேர்த்து வாங்கியிருந்தார்.