குறி தப்பாத இரும்புப் பந்துகள்

நடந்ததைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு நீங்கள்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

திருச்சியில் செலஸ்டின் என்று ஓர் இளைஞன். கணினியில் அசையும் படங்கள் வரைவது அவன் தொழில். ஒருமுறை அவன் ஓர் இசை இயந்திரத்தை வரைந்தான். குழாய்களிலிருந்து இரும்புப் பந்துகள் பாய்ந்து வெண்கலத் தகடுகளில் விழும். விழுந்த இடத்தில் சுரம் எழும். ஒரு பந்துகூடக் குறி தப்பாது. "முழுக்கக் கணினியில் வரைந்தது" என்று எழுதித்தான் இணையத்தில் போட்டான். யாரோ அந்த வரியை வெட்டிவிட்டு, "பழைய டிராக்டர் உதிரிகளில் ஒரு தமிழர் செய்த அதிசயம்" என்று பரப்பிவிட்டார்கள்.

கோவை சிங்காநல்லூரில் லேத் பட்டறை வைத்திருந்த நாச்சிமுத்து அதைப் பார்த்தார். நாலு மாதம் உழைத்து, காற்றழுத்தத்தில் பந்துகளை எய்யும் இயந்திரம் ஒன்றைச் செய்தே விட்டார். மகள் படிக்கும் பள்ளியின் ஆண்டு விழாவில், வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, இசைத்துக் காட்டுவதாக வாக்கும் கொடுத்தார்.

புதன்கிழமை ஒத்திகையில் ஒரு பந்து தகட்டை விட்டு விலகி, பட்டறையின் தகரக் கூரையைத் துளைத்துக்கொண்டு போனது. அவர் மனைவி சம்பூர்ணம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விழாவில் முன்வரிசையில் உட்காரப்போவது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள்.

"கோணம் கொஞ்சம் பிசகிருச்சு, அவ்வளவுதான். அந்த வீடியோவுல ஒண்ணாவது தப்புதா, பாரு" என்றார் நாச்சிமுத்து.

அவள் எப்படியோ செலஸ்டினின் எண்ணைத் தேடிப் பிடித்து, மறுநாள் கணவரைப் பேச வைத்தாள்.

"அண்ணா, அப்படி ஒரு மிஷினே கிடையாது. அது நான் வரைஞ்ச படம்."

"படம்னா, பந்து விழற எடத்துல தூசி எப்படிங்க தம்பி பறக்கும்?"

"தூசியையும் நான்தாண்ணா வரைஞ்சேன்."

நாச்சிமுத்து சிரித்துவிட்டார். தொழில் ரகசியத்தை மறைக்கிறான் என்று நினைத்தார். செலஸ்டின் தன் கோட்டுப் படங்களை அனுப்பினான். "மிஷின் செய்யறவங்க முதல்ல பிளான் போடாம இருப்பாங்களா?" என்று அவற்றையும் தள்ளிவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை. இயந்திரம் வேனில் ஏறிவிட்டது. சம்பூர்ணம் சமையலறையிலிருந்து தணிந்த குரலில் செலஸ்டினை அழைத்தாள். "உண்மையச் சொன்னா நம்ப மாட்டேங்கறாருங்க. நிஜ மிஷின்தான்னு சொல்லுங்க. அதுல ஒருத்தருக்குக் கண்ணு போச்சுன்னு சொல்லுங்க. உங்க கால்ல விழறேன்."

பிறகு போனைக் கணவரிடம் கொடுத்தாள். செலஸ்டின் அப்படியே சொன்னான்.

"யாருக்குங்க கண்ணு போச்சு?" என்று கேட்டார் நாச்சிமுத்து.

"எங்க அக்காவுக்கு."

 பிறகு, இயந்திரத்தை இறக்கச் சொல்லும் அவர் குரல் கேட்டது.

ஆனால் நாச்சிமுத்து நல்ல மனிதர். ஊரை எச்சரிக்க ஒரு குரல் பதிவு போட்டார்: "அந்த மிஷின் நிஜம். செஞ்சவரே என்கிட்ட சொன்னாரு, அவரு அக்காவுக்குக் கண்ணே போச்சாம். யாரும் கவனமில்லாம இறங்காதீங்க." அதுவும் பரவியது. பத்தாம் நாள் ராஜபாளையத்திலிருந்து ஒருவர் செலஸ்டினை அழைத்தார். "நானும் செஞ்சுட்டேன். முன்னால கண்ணாடி வச்சுட்டாப் போதும்ல?" பதில் வருவதற்குள் இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

செலஸ்டின் உடனே சம்பூர்ணத்தை அழைத்தான். "எல்லார்கிட்டயும் உண்மையச் சொல்லப் போறேங்க்கா." அவள் அழுதாள். "வேண்டாங்க. மிஷின் இன்னும் பட்டறையிலதான் நிக்குது. பயம் போச்சுன்னா இவரு மறுபடியும் ஓட்டிருவாரு."

சொல்லுங்கள். செலஸ்டின் வாய் திறப்பது சரியா, சம்பூர்ணம் தடுப்பது சரியா?

என் விடை இது. வெள்ளிக்கிழமை சொன்ன பொய்க்கு இருவரையும் குறை சொல்ல மாட்டேன்; வேறு வழிக்கு நேரமில்லை. அதற்குப் பிறகு செலஸ்டின் பக்கமே நியாயம். ஒரு பட்டறையில் அடங்கிய ஆபத்து, அந்தப் பொய்யால் முகம் தெரியாத இன்னொரு பட்டறைக்குப் போய்விட்டது. செலஸ்டின் கணினியைத் தூக்கிக்கொண்டு சிங்காநல்லூருக்கே போனான். நாச்சிமுத்துவின் கையாலேயே அதே படத்தில் ஒரு பந்தை வரைய வைத்தான். அவர் வரைந்த பந்தும் குறி தப்பவில்லை. வரைந்தால் எந்தப் பந்தும் தப்பாது என்பது அதைப் பார்த்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. அன்றே தன் இயந்திரத்தைப் பிரித்துப் போட்டார். பிறகு இருவரும் மாறி மாறி ராஜபாளையத்து எண்ணை அழைத்தார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை.