வால் மட்டும் மாறிய வீடியோ

தென்காசியில் ஒரு லோக்கல் சேனல். அங்கே டெக்னிக்கல் ஹெட் ஞானதுரையைக் கேட்டுத்தான் ஃபேன்கூடச் சுற்றும். எடிட்டிங்கில் கடைசி நாற்காலி செண்பகவல்லிக்கு.

தேரோட்ட வீடியோவை அவர் அவளிடம் கொடுத்தார். சாஃப்ட்வேரில் போட்டால் மேளம் கேட்டது, தேரைக் காணோம். திரை முழுக்கக் கறுப்பு.

"சார், இதைச் சுருக்கி வச்ச கோடெக் நம்ம சாஃப்ட்வேருக்குப் புரியல. வேற ஃபார்மட்டுக்கு மாத்தணும்."

"நானே மாத்திட்டேன். ஃபைல் பேரு கடைசில எம்கேவின்னு இருந்துச்சு, எம்பி ஃபோர்னு அடிச்சு வச்சேன். அதுல நீ கை வைக்கக் கூடாது. ஆறு மணிக்கு நம்ம சேனல்ல தேர் ஓடலைன்னா நாளைக்கு வேலைக்கு வராதே."

அவர் டீ குடிக்கப் போனார். செண்பகவல்லி அவருடைய பெயர்ப்பலகையில் 'ஞானதுரை' மேல் ஒரு சீட்டை ஒட்டி, 'செண்பகவல்லி' என்று எழுதினாள். அவர் நாற்காலியிலேயே நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

திரும்பி வந்தவர் போட்ட கூச்சலில் முதலாளியம்மா ஜெய்த்தூன் ஓடி வந்தார். "என்னம்மா இது?"

"சார் காட்டின வழிதான் மேடம். ஃபைலுக்குப் பேரை மாத்தினா உள்ள இருக்கிற வீடியோவும் மாறிடுமாம். அப்ப இன்னைலேருந்து நான்தானே டெக்னிக்கல் ஹெட்? இல்லேன்னா சொல்லுங்க, வீடியோவை நெசமாவே மாத்தித் தர்றேன்."

ஜெய்த்தூன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "மாத்தும்மா" என்றார்.

ஐந்தரைக்கே திரையில் தேர் அசைந்து வந்தது.

ஞானதுரை சீட்டைக் கிழிக்கப் போனார்.

"அது இருக்கட்டும் சார்," என்றார் ஜெய்த்தூன். "இங்க பேரோட ஆளும் மாறியாச்சு."