விழுந்த குழந்தைக்காகத் தரையைத் தட்டுவது ஏன்?

அந்தக் காலத்தில், மாடும் மரமும் மனுஷரோடு சரிக்குச் சரி வாயாடிக்கொண்டிருந்தபோது, கனம் என்று ஒன்று எதற்கும் கிடையாது. பூமி நல்ல தூக்கத்தில் இருந்தது. பிடித்து வைக்க ஆளில்லாததால் எல்லாம் அதனதன் இஷ்டத்துக்கு மிதந்தன. பானையைத் திறந்தால் சோற்றுப் பருக்கைகள் கிளம்பிவிடும், துரத்தித் துரத்தித்தான் சாப்பிட வேண்டும். காற்றடித்தால் அடுத்த ஊருக்குப் போய்விடுவோம் என்று யானைகூட வாழைநாரால் தன்னைப் புளியமரத்தில் கட்டிக்கொண்டுதான் தூங்கும்.

அதே புளியமரத்தில்தான் மயிலாத்தாளும் தன் இடுப்பைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தாள். கைக்குழந்தை செவ்வந்தியின் அரைஞாண் கயிற்றைத் தன் இடுப்போடு முடிந்து வைத்திருந்தாள்.

ஒருநாள் மிதந்து வந்த தண்ணீர் உருண்டை ஒன்றைப் பிடித்துக் குழந்தையைக் குளிப்பாட்ட முடிச்சை அவிழ்த்தாள்.

"என்ன தங்கச்சி, இன்னிக்கும் குளிக்க மாட்டேன்னு அடம் பிடிக்குதா?" என்று யானை கேட்டது.

"தினமும் இதே கூத்துதான் அண்ணே" என்று மயிலாத்தாள் திரும்பிச் சொன்னாள்.

அந்த ஒரு கணம் போதுமாயிருந்தது. வழுக்கிக்கொண்டு செவ்வந்தி பொக்கை வாயால் சிரித்தபடி மேலே போனாள்.

மயிலாத்தாள் எம்பினாள். கயிறு அவளை இழுத்து நிறுத்தியது. யானை தும்பிக்கையை நீட்டியது, எட்டவில்லை. குழந்தை மரத்து உச்சியைத் தாண்டிவிட்டாள். பெற்றவள் கயிற்றைப் பிடித்துக் கீழே வந்து இரண்டு கையாலும் தரையில் ஓங்கி அடித்தாள்.

"எம்புள்ள போறா. நீ பாட்டுக்குத் தூங்குறியே, எந்திரி."

பூமியை அதுவரை யாரும் அடித்ததில்லை. அது திடுக்கிட்டு விழித்தது.

"பிடிச்சுக்கிறேன். ஆனா எனக்கு ஆள் பார்த்துப் பிடிக்கத் தெரியாதும்மா. பிடிச்சா எல்லாத்தையும் பிடிப்பேன். எதுக்குள்ள எவ்வளவு அடைஞ்சிருக்கோ அவ்வளவு இழுப்பேன். உன் குடம் கனக்கும். உம்பொண்ணு நடக்கும்போது விழுவா. அப்புறம் என்னைக் கோவிச்சுக்கக் கூடாது."

"விழட்டும். உன் மேலதானே விழுவா? மேல போயிட்டா நான் எங்க போய்த் தேடுவேன்?"

பூமி இழுத்தது. யானைக்குள் அடைந்திருந்தது ஏராளம். தொப்பென்று உட்கார்ந்து, எழுந்திருக்க முடியவில்லையே என்று சிணுங்கியது. பருக்கைகள் பானைக்குத் திரும்பின. காக்கைகள் விழுந்துவிடாமல் இருக்க அவசர அவசரமாகச் சிறகடிக்கக் கற்றுக்கொண்டன. அவற்றில் இரண்டு செவ்வந்தியின் அரைஞாணைக் கவ்விப் பிடித்து மெல்ல இறக்கி, அம்மா மடியில் விட்டன.

மடியில் குழந்தை கனத்தாள். மயிலாத்தாள் அதுவரை அறியாத கனம் அது. "எம்மாடி, என் தங்கம் இம்புட்டுக் கனமா" என்று கொஞ்சி, கீழே விட மனசில்லாமல் சாயங்காலம் வரை இடுப்பில் தூக்கிக்கொண்டே திரிந்தாள். அத்தனை சந்தோஷம் அவளுக்கு.

செவ்வந்தி நடக்கப் பழகினாள், விழுந்தாள், அழுது ஊரைக் கூட்டினாள். கோபிக்க மாட்டேன் என்று அம்மாதான் ஒப்புக்கொண்டுவிட்டாளே. மயிலாத்தாள் குனிந்து தரையை இரண்டு தட்டுத் தட்டினாள்.

"நல்லா முழிச்சிருக்க தாயி. இப்படியே இரு" என்று பூமியிடம் மெதுவாகச் சொன்னாள்.

தரைக்கு அடி விழுந்தது என்று எண்ணிய செவ்வந்தி, அழுகையை நிறுத்திவிட்டுக் கலகலவென்று சிரித்தாள்.

அன்று தொடங்கிய பழக்கம்தான், குழந்தை விழுந்தால் நாம் தரையைத் தட்டுவது. அதை அடி என்றே குழந்தைகள் இன்றும் நினைக்கிறார்கள். அது, நம்மை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிற பூமியின் முதுகில் நாம் கொடுக்கும் ஷொட்டு.