கோதண்டபாணி கோஷ்டியின் தகர ரயில்

அரக்கோணத்தில் கோதண்டபாணி, ஜெபராஜ், மஸ்தான் என்று மூன்று சிநேகிதர்கள் இருந்தார்கள். கோதண்டபாணிக்கு ஜெராக்ஸ் கடை. ஜெபராஜ் ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திர பண்டங்களுக்குப் பொறுப்பு. மஸ்தான் மெத்தை தைப்பவர். யார் என்ன சொன்னாலும் ஓர் எழுத்துப் பிசகாமல் அப்படியே செய்வார்கள். அதனாலேயே ஊரில் யாரும் அவர்களிடம் எதுவும் சொல்வதில்லை.

ஒருநாள் காயலான் கடைக்குப் பழைய பஞ்சு தேடிப் போன மஸ்தான், ஒரு மரப்பெட்டியோடு திரும்பினார். உள்ளே சாவி கொடுத்தால் ஓடும் தகர ரயில். கறுப்பு எஞ்சின், அதில் மீசைக்கார டிரைவரின் படம். பின்னால் மாட்ட இரண்டு சிவப்புப் பெட்டிகள். ஜன்னலுக்கு ஜன்னல் தொப்பி போட்ட வெள்ளைக்காரப் பெண்களின் முகம் அச்சடித்திருந்தது. கூடவே வளைந்த தண்டவாளத் துண்டுகள் எட்டு. சக்கரமெல்லாம் துரு. மஸ்தான் அதைப் பெற்ற பிள்ளை மாதிரி மடியில் வைத்துக்கொண்டார்.

சென்னையில் பழைய தகர ரயில் சேர்ப்பவர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. அதன் செயலாளர் ஹெப்சிபா மேடத்துக்கு ஜெபராஜ் போட்டோ அனுப்பினார். அடுத்த நிமிஷமே போன் வந்தது.

"இந்த எஞ்சின் எங்க சங்கத்துல யார்கிட்டயும் இல்ல. ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு வரேன். ஓடிச்சுன்னா, எங்க கண்காட்சியில நடு மேஜை உங்களுக்குத்தான். ஆனா நான் சொல்ற மாதிரியே செய்யணும். பெயின்டுல கை வைக்காதீங்க. எண்ணெய் போட்டு ஊற வைங்க. அப்புறம் தண்டவாளத்தை வட்டமாப் போட்டு, சாவியைச் செருகிப் பத்து சுத்து சுத்துங்க. அவ்வளவுதான்."

கோதண்டபாணி அதை எழுதி, ஆளுக்கு ஒரு ஜெராக்ஸ் கொடுத்தார்.

கை வைக்கக் கூடாது என்பதால் அன்றிலிருந்து ரயிலை யாரும் கையால் தொடவில்லை. மண்டபத்துச் சமையல்கட்டிலிருந்து ஜெபராஜ் மூன்று இடுக்கி கொண்டுவந்தார். எண்ணெய் விஷயத்தில்தான் பேச்சு நீண்டது.

"எண்ணெய் வச்சு ஊறணும்னா, எந்தக் கிழமை?" என்றார் ஜெபராஜ்.

"ஆம்பளைக்குச் சனி, பொம்பளைக்கு வெள்ளி" என்றார் கோதண்டபாணி. "இது ஆணா, பொண்ணா?"

மஸ்தான் யோசித்துச் சொன்னார். "டிரைவருக்கு மீசை இருக்கு அண்ணே. எஞ்சின் சனிக்கிழமை. பெட்டி முழுக்க லேடீஸ். அது வெள்ளிக்கிழமை."

அப்படியே நடந்தது. வெள்ளியன்று பெட்டிகளும் சனியன்று எஞ்சினும் நல்லெண்ணெயில் ஊறின. சீயக்காய் லிஸ்டில் இல்லாததால் யாரும் போடவில்லை. எஞ்சின் தப்பித்தது அதனால்தான். எண்ணெய் தேய்த்த அன்று பகலில் தூங்கினால் உடம்புக்கு ஆகாது என்று, சாயங்காலம் வரை மஸ்தான் பக்கத்தில் உட்கார்ந்து கரண்டியால் தட்டித்தட்டி எஞ்சினைத் தூங்கவிடாமல் பார்த்துக்கொண்டார்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் மூவரும் நடுவில் நின்றபடி, தங்களைச் சுற்றித் தண்டவாளத்தை வட்டமாகப் பூட்டினார்கள். எஞ்சினில் சாவியைச் செருகினார்கள். ஜெபராஜும் மஸ்தானும் எஞ்சினை இடுக்கியால் பிடிக்க, கோதண்டபாணி சாவியைப் பிடிக்க, மூவரும் ஒன்றாகப் பத்து சுற்று சுற்றினார்கள். எஞ்சின் கூடவே சுற்றியதால் சாவி திரும்பவில்லை. மூன்று தலைகள் மட்டும் சுற்றின.

ரயிலைத் தண்டவாளத்தில் வைத்தார்கள். ஓடவில்லை.

"களைப்பா இருக்கும். நாம போய் டீ குடிச்சிட்டு வருவோம்" என்று மஸ்தான் காலை எடுத்தார்.

கோதண்டபாணி சட்டையைப் பிடித்து இழுத்தார். "எங்க போற? தண்டவாளத்தைக் கடக்கறது குற்றம்."

"அப்ப எப்படி வெளிய போறது?"

"மேம்பாலம் இருந்தா போலாம்."

மேம்பாலம் இல்லை. நாலடி வட்டத்துக்குள் மூவரும் முதுகோடு முதுகு ஒட்டி நின்றார்கள். மதியம் ஆயிற்று. பசித்தது. சட்டம் சட்டம்தானே என்று நின்றார்கள்.

நாலு மணிக்கு ஹெப்சிபா மேடம் உள்ளே வந்தார். விஷயத்தைக் கேட்டார். குனிந்து ஒரு தண்டவாளத் துண்டைக் கழற்றி, "கேட் திறந்தாச்சு, வாங்க" என்றார். மூவரும் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வெளியே வந்தார்கள்.

மேடம் துண்டைத் திரும்பப் பூட்டினார். எஞ்சினைக் கையிலெடுத்து, "புதுசா பெயின்ட் அடிச்சிடாதீங்கன்னுதான் சொன்னேன். தாராளமாத் தொடலாம்" என்றபடி சாவியைத் திருகினார். கர்ர் கர்ர் என்று பத்து தரம். கீழே வைத்ததும் ரயில் சிலிர்த்துக்கொண்டு கிளம்பி, தொப்பிப் பெண்களோடு வட்டம் வட்டமாக ஓடியது. கூடமெல்லாம் நல்லெண்ணெய் மணம். மஸ்தானுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பிரமாதம். அடுத்த ஞாயிறு கண்காட்சி. பத்திரமா சென்னைக்குக் கொண்டு வந்துடுங்க" என்றார் மேடம்.

"எதுல மேடம் வரது?"

"பஸ்ஸுல குலுங்கும். ரயில்லயே வாங்க."

மேடம் போனதும் மூவரும் கூடிப் பேசினார்கள்.

"ரயில்லயே வரணுமாம்" என்றார் ஜெபராஜ். "எழுபது கிலோமீட்டர். நம்மகிட்ட எட்டுத் துண்டுதான் இருக்கு."

"வண்டி தாண்டினதும் பின்னாடி இருக்கறதை எடுத்து முன்னாடி போட வேண்டியதுதான்" என்றார் கோதண்டபாணி. அதிலிருந்த புத்திசாலித்தனத்தை மற்ற இருவரும் மெச்சினார்கள்.

திங்கட்கிழமை காலையில், மண்டபத்து வாசல் சிமென்ட் தரையில், எஞ்சினைச் சென்னைப் பக்கம் திருப்பி வைத்துப் புறப்பட்டார்கள். கோதண்டபாணி சாவி கொடுத்தார். ஜெபராஜ் பின்னாலிருந்த வளைந்த துண்டைக் கழற்றிக் கொடுக்க, மஸ்தான் அதை முன்னால் பூட்டினார். வண்டி ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. மூவரும் தலை நிமிரவில்லை.

மூன்று மணி நேரம் கழித்து மஸ்தான் வியர்வையைத் துடைத்தபடி கேட்டார். "அடுத்த ஸ்டேஷன் புளியமங்கலம் வந்துடுச்சா?"

ஜெபராஜ் எழுந்து, எதிரே தெரிந்த கடையின் போர்டைப் படித்தார். "இல்ல, இன்னும் அரக்கோணம்னுதான் போட்டிருக்கு."

கோதண்டபாணி சாவியைத் திருகிக்கொண்டே பெருமூச்சு விட்டார்.

"நம்ம ஊரு எவ்வளவு பெருசா வளந்துடுச்சு பாருங்கப்பா."