எதிர்பார்க்கும் முடிவு

“ஏழு வருசமா நிதி கொடுக்கிறோம் மேடம். என்ன கண்டுபிடிப்போம்னு எழுதிக் கொடுத்தாங்களோ, அதையேதான் எல்லாரும் கண்டுபிடிச்சிருக்காங்க. புதுசா ஒண்ணுகூட இல்லை. நான் எங்கே தப்பு பண்றேன்?”

கேட்டவர் அம்பலவாணன். வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அறிவியல் ஆய்வுக்கு நிதி தரும் ஓர் அறக்கட்டளையில் விண்ணப்பங்களைத் தேர்ந்தெடுப்பது அவர் பொறுப்பு. அரசாங்கமோ கம்பெனியோ தலையிடாத அறக்கட்டளை. யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை. பழக்கதோஷம், மனிதர் பயந்துகொண்டேதான் இருந்தார்.

அவர் தேடி வந்தது தையல்நாயகியை. அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். தூத்துக்குடியில் கடற்பாசிகளை ஆராய்ந்தே முடி நரைத்தவர்.

தையல்நாயகி தன் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடித் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துவிட்டு, ஒரு தாளையும் பேனாவையும் எடுத்து அம்பலவாணன் முன்னால் வைத்தார்.

“பதில் சொல்றேன் சார். அதுக்கு முன்னாடி, நான் என்ன பதில் சொல்லப்போறேன்னு இதுல எழுதிக் கொடுங்க.”

அம்பலவாணன் சிரித்தார்.

“அது தெரிஞ்சா நான் ஏன் மேடம் திருச்சியிலேர்ந்து வர்றேன்?”

சொல்லி முடித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

“முதல் வருசமே இதையேதான் ஒரு பொண்ணு எழுதியிருந்தா,” என்றார்.

“யாரு?”

“பிலோமினான்னு பேரு. மணக்குடிக்காரி. கழிமுகத்துல தண்ணி ஏறுறதுக்கு முன்னாடியே நண்டு வளையை அடைச்சுக்குது, அதுக்கு எப்படித் தெரியுதுன்னு ஆராயணும்னு கேட்டா. விண்ணப்பத்துல ‘எதிர்பார்க்கும் முடிவு’ன்னு ஒரு இடம் இருக்குல்ல? அங்கே ‘தெரியாது’ன்னு எழுதியிருந்தா. தெரிஞ்சா ஏன் கேட்கிறேன்னு கீழே வேற.”

“நீங்க என்ன பண்ணீங்க?”

“எப்படித் திருப்பிக் கட்டுவேன்னு தெரியாதுங்கிறவனுக்கு எந்த மேலாளர் கடன் கொடுப்பான்? திருப்பி அனுப்பிட்டேன். அதோட விட்டேனா? நேர்ல வரச் சொல்லி புத்தி சொன்னேன். என்ன கண்டுபிடிக்கப்போறேன்னு தெரியாம இனிமே யார் முன்னாடியும் போய் நிக்காதேம்மான்னு.”

“என்ன சொன்னா?”

“சரிங்க சார்னு சொல்லிட்டுப் போனா.”

தையல்நாயகி மறுபடியும் தட்டுகளைக் கழுவப் போய்விட்டார்.

அம்பலவாணன் ஊர் திரும்பியதும் அறக்கட்டளையில் மன்றாடி ஓர் ஆணை வாங்கினார். அதை எடுத்துக்கொண்டு பிலோமினாவைத் தேடிப் போனார். இறால் தீவனம் செய்யும் கம்பெனி ஒன்றின் சோதனைக்கூடத்தில் அவள் வேலையில் இருந்தாள். ஆறு வருடமாக, கம்பெனி சொல்வதைச் சோதித்துச் சொல்வதுதான் அவள் வேலை.

“நாலு வருசத்துக்கு நிதிம்மா. விண்ணப்பமே வேண்டாம். அன்னைக்கு நான் பண்ணினது பெரிய தப்பு.”

பிலோமினா ஆணையை இரண்டு முறை படித்தாள். அவள் கோபப்பட்டுத் திட்டியிருந்தால் அவருக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். அவள் திட்டவில்லை. பையிலிருந்து நோட்டை எடுத்துப் புதுப் பக்கம் திருப்பி, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டாள்.

“ரொம்ப சந்தோசம் சார். நல்லபடியா செஞ்சு தந்திருவேன். என்ன கண்டுபிடிக்கணும்னு மட்டும் சொல்லிருங்க.”