நீலவார்ச் செருப்பின் சாட்சியம்

கடலோர நகரம் ஒன்றின்மீது விமானங்கள் குண்டு வீசிய காலத்தில், அதன் சந்தைக்கு அருகே பொதுப் பதுங்குகுழி ஒன்று இருந்தது. அந்நகரத்தார் எந்த வாசலையும் செருப்புக் காலோடு கடவாதவர்கள். இரைச்சல் தலைக்குமேல் வந்த பின்பும், குழியின் வாயிலில் குனிந்து செருப்பைக் கழற்றிவிட்டே உள்ளே இறங்கினார்கள்.

ஒருநாள் முற்பகலில் குண்டு அக்குழியின் கூரையைப் பிளந்தது. உள்ளிருந்தவர்களில் ஒருவரையும் அடையாளம் காண இயலவில்லை. செருப்புகள் மட்டும் வாயிலில் புழுதி மூடிக் கிடந்தன. ஆகவே, நினைவு நாளில் சோடிக்கு ஒரு விளக்கு ஏற்றுவதென ஊரவர் முடிவு செய்தனர்.

அந்த நாள் வந்தது. வரிசையில் வைத்திருந்த நீலவார்ச் செருப்புச் சோடியின் முன்னால் இரு பெண்கள் ஒன்றாகக் குந்தினர். ஒருத்தி, தங்கை யோகராணியை இழந்த மங்களேஸ். மற்றவள், மகள் வதனாவை இழந்த பக்கத்து வீட்டு அன்னபூரணம்.

“அன்னக்கா, இது எங்கட யோகராணியின்ர. நான்தான் வாங்கிக் குடுத்தனான்.”

“வாங்கினது நீதான், ஆர் இல்லையெண்டது? வதனாவின்ர செருப்பு வார் அறுந்துபோச்சு. அண்டைக்குக் காலமை யோகராணியிட்ட வாங்கி இதைத்தான் கொழுவிக்கொண்டு போனவள்.”

“ரெண்டு பேரும் ஒண்டாத்தானே சந்தைக்குப் போனவளவை? வழியில மாத்திப் போட்டிருப்பாளவை.”

செருப்பு ஒரு சோடி. இறந்தவர் இருவர். விளக்கோ ஒன்று.

இடது செருப்பு பதறியது. “யோகராணியைத்தான் சுமந்தேன். பெருவிரலால் என்னை இறுக்கிப் பிடித்தாளே!”

“பயந்தால் எல்லாரும் அப்படித்தான் பிடிப்பார்கள்” என்றது வலது. “எனக்கு வதனாவின் குதிகால்தான் நினைவில் இருக்கிறது.”

“நாம் இருவரும் ஒருத்தியைத்தானே சுமந்தோம்?”

“அதுதான் எனக்கும் விளங்கவில்லை.”

அருகில் கிடந்த சப்பாத்து சிரித்தது. “சோடியாகப் பிறந்தும் ஒரே சாட்சி சொல்லத் தெரியவில்லை! என்னைப் பாருங்கள். கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சரின் சப்பாத்து. சந்தேகத்துக்கே இடமில்லை.”

“அவர் உன் முடிச்சை அவிழ்த்து முடிக்கும்வரை, பின்னால் நின்றவர்கள் என்ன ஆனார்கள்?” என்று இடது கேட்டது.

சப்பாத்து தன் நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டது.

விளக்கேற்றும் பொறுப்பேற்றிருந்த வல்லிபுரத்தார் வந்து சேர்ந்தார். “ஆரின்ர பேரிலை கொளுத்திறது? கெதியாச் சொல்லுங்கோ, எண்ணெய் சிந்துது.”

“சரி, யோகராணியெண்டே சொல்லுங்கோ” என்றாள் அன்னபூரணம்.

“வதனாவெண்டு சொல்லுங்கோ” என்றாள் மங்களேஸ், அதே கணத்தில்.

வல்லிபுரத்தார் குழம்பினார். “அப்ப வெறுங்காலோடை வந்தது ஆர்?”

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வரிசை முடிந்த இடத்துக்கு அப்பால் குழியின் வாயில் வெறுமையாகக் கிடந்தது. அங்கே எத்தனை பேர் செருப்பில்லாமல் வந்து இறங்கினார்களோ என்ற எண்ணம் அப்போதுதான் எல்லாருக்கும் எழுந்தது.

கிழக்குத் தெருவார் சொல்லும் கதையில், வல்லிபுரத்தார் விளக்கை அச்சோடியின் அருகே வைத்துவிட்டார். மேற்குத் தெருவார் சொல்வதில், அது அவர் கையிலேயே அணைந்துபோயிற்று. ஒன்று மட்டும் இரு தெருவிலும் மாறாமல் வழங்குகிறது: வல்லிபுரத்தார் திரும்பிப் போக முயன்று, வெறுங்காலோடு வந்தவர்கள் மிதித்த மண்ணில் எங்கே காலை வைப்பதென்று அறியாமல், தூக்கிய காலோடு நின்றார்.