கால் மாறிய படம்

படம் பிடிக்கும் பெட்டி நம் பக்கம் புதிதாக வந்திருந்த காலம். கோயில் கோயிலாகப் போய்ச் சிற்பங்களைப் படமெடுத்துக்கொண்டு திரிந்தார் மாசிலாமணி. அவருக்கு வயது முப்பது. அவரிடம் தொழில் பழக வந்த பூவலிங்கத்துக்கோ ஐம்பது. மதுரைக்காரர். தலை நரைத்தால் ஆசை நரைத்துவிடுமா என்ன? தன் கையால் ஒரே ஒரு படமாவது எடுத்துவிட வேண்டுமென்று மனுஷர் தவியாய்த் தவித்தார்.

காவிரிக்கரைக் கோயில் ஒன்றில், தூணில் செதுக்கியிருந்த நடராஜரைக் குரு கண்ணாடித் தகட்டில் பிடித்தார்.

"இதை நீங்களே வெயில்ல வச்சுக் காகிதத்துல அச்செடுங்கண்ணே. சரியா வந்தா, நாளைக்குப் பெட்டி உங்க கையில."

பூவலிங்கத்துக்குத் தலைகால் புரியவில்லை. அச்செடுத்தார். ஆசை தீரப் பார்த்தார். கண்ணில் ஒற்றிக்கொண்டு ஓடிப்போய்த் தர்மகர்த்தாவிடம் நீட்டினார்.

தர்மகர்த்தாவின் முகம் சுருங்கிவிட்டது.

"என்னய்யா இது! எங்க சாமி தூக்குறது இடது கால். இதுல வலது காலை இல்ல தூக்கியிருக்கார்?"

"வலது காலைத்தானே தூக்கணும்?"

"யாருய்யா சொன்னா?"

"எங்க மதுரையில அப்படித்தான்."

சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். சிரிக்காமல் என்ன செய்வார்கள்? மதுரை வெள்ளியம்பலத்து நடராஜர் கால் மாற்றி ஆடுகிறவர். மற்ற ஊர்களில் அவர் தூக்குவது இடது கால்தான்.

தர்மகர்த்தாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "சாமியையே மாத்துற பெட்டி இனிமே கோயிலுக்குள்ள வரக் கூடாது!" என்றார்.

மாசிலாமணி வந்தார். படத்தைப் பார்த்தார். கண்ணாடித் தகட்டைப் புரட்டி வைத்து, எல்லார் கண்ணெதிரிலும் வெயிலில் மறுபடி அச்செடுத்தார். சாமி இடது காலைத் தூக்கி நின்றார்.

"தகட்டோட பக்கம் மாறிப்போச்சுங்க. பெட்டி மேல தப்பில்லை."

தர்மகர்த்தா இரண்டு படங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "அட!" என்றார். கோபம் போன இடம் தெரியவில்லை.

பூவலிங்கத்துக்குத்தான் மனசு ஆறவில்லை. ஆள் கூட்டம் கலைந்ததும் கேட்டார்.

"வாத்தியாரே, வந்ததிலேர்ந்து தினமும் அந்தத் தூண் முன்னாலதானே நிக்கிறேன். எனக்கு எப்படித் தெரியாமப் போச்சு?"

"நின்னு என்ன செஞ்சீங்க?"

"கும்பிட்டேன்."

"எப்படி?"

"எப்படின்னா? கண்ணை மூடித்தான்."

"கண்ணை மூடினதும் யார் தெரிஞ்சார்?"

பூவலிங்கம் தலையைச் சொறிந்தார். "எங்க ஊர் சாமிதான்."

குரு சிரித்தார்.

"அப்போ நாளைக்குப் பெட்டி எனக்கு இல்லையா?"

"உங்களுக்கேதாண்ணே. தூண் முன்னால வச்சுட்டு நான் பக்கத்துல உட்கார்ந்திருக்கேன். நீங்க மதுரையிலேர்ந்து வந்து சேர்ந்ததும் சொல்லுங்க, பெட்டிக் கண்ணோட மூடியைத் திறக்கலாம்."